விற்பனைக்கும் வலைப்பயிற்சி உண்டு: டர்பன் தமிழ் வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பகுதிகளிலும் கடை நடத்துகிறவர்கள், கடைகளில் வேலை பார்க்கிறவர்கள், வீடு வீடாகச் சென்று காப்பீடும் சூரிய மின்தகடும் விற்கிறவர்கள் ஆகியோரோடு விற்பனைப் பயிற்சி பற்றிப் பேசும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கிரிக்கெட்டும் ரக்பியும் ஓட்டமும் இந்த ஊர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்தவை என்பதால், ஒரு திறமை எப்படி வளர்கிறது என்பதை விளக்க அவற்றையே எடுத்துக்கொண்டேன்.

விற்பனைத் திறமை கூடவே பிறப்பதுதானே? பேச்சு வராதவர் பயிற்சி எடுத்து என்ன பயன்?

சரளமான பேச்சு ஒரு வசதி, அவ்வளவுதான். விற்பனைக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி காதையும் நினைவாற்றலையும் பொறுமையையும் சார்ந்தது. இம்மூன்றையும் வளர்த்துக்கொள்ள முடியும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்களும் அடுத்தடுத்த கப்பல்களில் வந்தவர்களும் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டவர்கள். அவர்களில் மிகப் பலர் தமிழையோ தெலுங்கையோ மட்டும் அறிந்தவர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் சிறு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டுக் கூடையில் சுமந்து விற்றவர்கள், ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் விலை சொல்லவும் பேரம் பேசவும் கடன் கேட்பவரின் மனம் நோகாமல் மறுக்கவும் தெருவிலேயே கற்றார்கள். அவர்கள் யாரும் வியாபாரிகளாகப் பிறந்து வந்தவர்கள் அல்லர். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் பெரும்பாலும் நன்றாகக் கேட்பவர்களாக இருப்பார்கள் என்பதையும் பயிற்சியில் பார்த்திருக்கிறேன். வாயை அடக்கிக் கேட்கப் பழக்குவதுதான் சரளமாகப் பேசுபவர்களுக்கு நான் கொடுக்கும் கடினமான பாடம்.

நாங்கள் தினமும் காலை முதல் மாலை வரை கடையில் நின்று விற்கிறோம். அதுவே பயிற்சி ஆகாதா?

ஆகாது. இந்தப் பக்கத்தில் வேறெந்தப் பதிலைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

ஒரு பந்துவீச்சாளர் புதிய வகைப் பந்தை முதன்முதலில் வீசிப் பார்ப்பது, ஆட்டத்துக்கு வெளியே வலை கட்டிய தடுப்புக்குள் நடக்கும் வலைப்பயிற்சியில்தான். ஆட்டத்தின் கடைசி ஓவரில் அவர் கைக்கு ஏற்கெனவே பழகியதைத்தான் நம்புவார், நம்பவும் வேண்டும். கையில் பணத்தோடு கடைக்குள் வந்திருக்கும் வாடிக்கையாளர் உங்களுக்கு ஆட்டம் நடக்கும் நேரம். அவரிடம் புதிய அணுகுமுறையைப் பரீட்சித்துப் பார்த்தால், தவறுக்கான விலையை அவர் கொடுக்கிறார்: தேவையில்லாததை வாங்கிச் செல்கிறார், அல்லது வாங்க வந்ததை வாங்காமலே போகிறார். மறுபக்கம், கூட்டம் சேர்ந்து அவசரம் மிகும்போது யாராக இருந்தாலும் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுவார்கள். அதனால்தான் பல ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்தவரும் முதல் ஆண்டில் பழகிய அதே இரண்டு மூன்று வாக்கியங்களோடு காலம் தள்ள முடிகிறது.

உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் பெர்லின் இசைக் கல்லூரி ஒன்றின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரை, வெறுமனே வாசித்துக்கொண்டிருப்பதையும் முன்னேறும் நோக்கத்தோடு செய்யும் பயிற்சியையும் பிரித்துப் பார்த்தது. பின்னதற்குச் சில இலக்கணங்கள் உண்டு. இன்று எதைச் சரிசெய்யப் போகிறோம் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது இப்போதைய திறனுக்குச் சற்று அப்பால் இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்பது உடனே தெரிய வேண்டும். திருத்தி மறுபடி செய்ய வாய்ப்பு இருக்க வேண்டும். கடை வேலையில் இவற்றில் எதுவும் இல்லை. ஒரு அம்மா சேலையை விரித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்றால், காரணம் விலையா, நிறமா, நீங்கள் பேசிய விதமா, சாட்ஸ்வொர்த் பேருந்துக்கு நேரமாகிவிட்டதா என்பது உங்களுக்குத் தெரியப்போவதே இல்லை. அவரைத் திரும்ப அழைத்து அதே உரையாடலை வேறு விதமாக நடத்திப் பார்க்கவும் முடியாது.

விற்பவருக்குப் பல்திறன் வேண்டும் என்கிறார்களே, அது எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துகொள்வதா?

இந்தத் தவறான எண்ணத்தை முதலில் விலக்க வேண்டும். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜாக் காலிஸ் டெஸ்ட் போட்டிகளில் 13,289 ஓட்டங்கள் எடுத்தார், 292 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். 2013 டிசம்பரில் நம் டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராகச் சதம் அடித்துத் தம் டெஸ்ட் வாழ்க்கையை நிறைவு செய்தார். அவரை மட்டையாளராக மட்டும் எடுத்துக்கொண்டாலும் எந்த அணியிலும் இடம் கிடைத்திருக்கும். பந்துவீச்சு அதன்மேல் சேர்ந்த இரண்டாவது வலிமை. ஆல்ரவுண்டர் என்று அவரைச் சொல்லும்போது இரண்டு துறைகளில் அரைகுறை என்று யாரும் பொருள் கொள்வதில்லை.

இன்னொரு வகைப் பல்திறனுக்கு ரக்பி வீரர் டியான் ஃபூரியைச் சொல்வேன். 2023 அக்டோபர் 28 அன்று பாரிஸில் நியூசிலாந்துக்கு எதிராக நடந்த ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், ஸ்பிரிங்பாக் எனப்படும் தென்னாப்பிரிக்க அணியின் ஹுக்கரான (முன்வரிசையின் நடுவில் நிற்பவர்) போங்கி ம்போனாம்பி ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே காயம்பட்டு வெளியேறினார். ஃபூரி அப்போது 37 வயதுக்காரர். சமீப ஆண்டுகளில் பெரும்பாலும் ஃபிளாங்கர் என்ற வேறோர் இடத்தில் ஆடிவந்தவர். ஆனால் இளமையில் ஹுக்கராக ஆடிப் பழகியிருந்ததால், மீதி ஆட்டம் முழுவதும் அந்த இடத்தில் நின்றார். தென்னாப்பிரிக்கா 12-11 என்று ஒரே புள்ளியில் வென்றது. அணிக்கு அவசரம் வந்த நேரத்தில் அவர் புதிதாக எதையும் கற்கவில்லை; என்றோ ஆழமாகக் கற்றதை எடுத்துப் பயன்படுத்தினார்.

விற்பனையிலும் இதே வரிசைதான். முதலில் ஒரு திறனில் நம்பகமானவராக ஆக வேண்டும். சேலைக் கடையில் இருப்பவர் நேருக்கு நேர் பேசி விற்பதில் தேர்ந்தபின், தொலைபேசி விற்பனையைத் தனியாகப் பழகலாம். அதன்பின் மொத்த வியாபாரியோடு விலை பேசுவதைப் பழகலாம். இவ்வாறு சேரும் திறன்கள் சந்தை மாறும்போது கைகொடுக்கும். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இன்வெர்ட்டரும் பேட்டரியும் கேட்டு மக்கள் தாமே வந்தார்கள். விற்பவர் வாயைத் திறக்க வேண்டிய தேவையே குறைவு. 2024 மார்ச் இறுதியிலிருந்து பல மாதங்கள் மின்வெட்டு இல்லாமல் போனபோது, தேவையை விசாரித்து அறிந்து, மின்கட்டணத்தில் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்தவர்களிடம்தான் வியாபாரம் நின்றது.

விற்பனை என்ற ஒரே வேலையை எப்படித் தனித்தனிப் பயிற்சிகளாகப் பிரிப்பது?

கிரிக்கெட் வீரர் ‘கிரிக்கெட் பயிற்சி’ என்று பொதுவாக எதையும் செய்வதில்லை. இன்று குட்டைப் பந்து, நாளை ஸ்லிப்பில் கேட்ச் என்று பிரித்துக்கொள்கிறார். கடைக்கு வருபவரை வரவேற்பது, தேவையை விசாரிப்பது, பொருளை எடுத்துக் காட்டுவது, விலையைச் சொல்வது, மறுப்புக்குப் பதில் சொல்வது, வாங்கும் முடிவுக்குக் கொண்டுவருவது, வாங்கியபின் உறவைத் தொடர்வது எனப் பொதுவாகப் பிரிக்கலாம். ஆயினும் இந்த அளவுப் பிரிவு பயிற்சிக்குப் போதாது. ஒவ்வொன்றையும் ஒரு நிமிடத்தில் செய்து முடிக்கக்கூடிய சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும்.

விலை சொல்வதை எடுத்துக்கொள்வோம். விலையைச் சொன்னதும் பெரும்பாலான விற்பனையாளர்கள் பதற்றத்தில் உடனே “ஆனால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்” என்று சேர்த்துவிடுகிறார்கள்; வாடிக்கையாளர் குறைக்கக் கேட்கவே இல்லை. ஆகவே பயிற்சி இது: ஆயிரத்து இருநூறு ராண்ட் என்று தெளிவாக, குரல் தாழாமல் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் பேசும் வரை அமைதியாக நிற்பது. கேட்பதற்கு எளிது. முதல் நாளில் அந்த மௌனத்தைத் தாங்குபவர்கள் மிகக் குறைவு. இதை மட்டும் பதினைந்து நிமிடம் செய்தால் அடுத்த வாரமே தேவையற்ற தள்ளுபடி குறைவதைக் கல்லாவில் பார்க்கலாம்.

தேவையை விசாரிப்பதற்கும் இதுபோல ஒன்று உண்டு. வாடிக்கையாளராக நடிப்பவர் ஒரு தேவையைத் தாளில் எழுதி மறைத்துக்கொள்ள வேண்டும். விற்பவர் பொருளின் பெயரையே சொல்லாமல் கேள்விகள் மட்டும் கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். “என்ன வேண்டும் அக்கா?” என்று தொடங்குபவர்கள் மெல்ல மெல்ல “கல்யாணம் யாருக்கு அக்கா, பெண்ணுக்கா தங்கைக்கா? சாயங்காலம் வரவேற்பு உண்டா?” என்று கேட்கத் தொடங்குவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கும்.

ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்வது நல்லதா, பலவற்றைக் கலந்து செய்வது நல்லதா?

தொடக்கத்தில் திரும்பச் செய்வது. அடிப்படை பிடிபட்டதும் கலந்து செய்வது. இரண்டாவது பகுதியைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள், ஏனென்றால் கலந்து செய்யும்போது திறமை குறைவது போன்ற உணர்வு வரும்.

1978இல் கெர், பூத் என்ற இரு ஆய்வாளர்கள் சிறுவர்களுக்குச் சிறு பைகளை இலக்கில் எறியும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழு 3 அடித் தூரத்திலேயே எறிந்து பழகியது. மற்றக் குழு 2 அடியிலும் 4 அடியிலும் மாற்றி மாற்றிப் பழகியது, 3 அடியிலிருந்து எறியவே இல்லை. இறுதியில் எல்லாரையும் 3 அடித் தூரத்தில் சோதித்தபோது, அந்தத் தூரத்தில் பழகாத குழுவே சிறப்பாக எறிந்தது. 1986இல் கூட், மாகில் இருவரும் பேட்மின்டன் ஆட்டத்தில் மூன்று வகை சர்வீஸ்களை வைத்துச் செய்த ஆய்வும் இதே திசையில் முடிந்தது: ஒவ்வொரு வகையையும் தனித்தனித் தொகுதியாகப் பழகியவர்களைவிட, மூன்றையும் கலந்து பழகியவர்கள் பின்னர் நடந்த சோதனையில் முந்தினார்கள்; மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து சர்வீஸ் போடச் சொன்னபோதும் அவர்களே முந்தினார்கள். ஒவ்வொரு முறையும் ‘இப்போது எது வேண்டும்’ என்று மூளை புதிதாக முடிவெடுக்க வேண்டியிருப்பதால், முடிவெடுக்கும் திறனும் கைத்திறனோடு சேர்ந்து பழகிவிடுகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கங்களில் ஒன்று.

கடையில் இதைச் செய்யத் தடித்த அட்டைத் துண்டுகள் போதும். ஓர் அட்டைக்கட்டில் வாடிக்கையாளர் வகைகளை எழுதுங்கள்: அவசரத்தில் இருப்பவர், பேத்தியோடு வந்த பாட்டி, “சும்மா பார்க்க வந்தேன்” என்பவர், போன மாதம் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், பத்துக் கடை ஏறி விலை கேட்டுவிட்டு வந்தவர். இன்னோர் அட்டைக்கட்டில் சூழல்களை எழுதுங்கள்: சம்பள நாள், கேட்ட நிறம் இருப்பில் இல்லை, வங்கி அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை, கடை மூட ஐந்து நிமிடம். இரண்டிலும் ஒவ்வோர் அட்டையை எடுத்துக் காட்டி, யோசிக்க நேரம் கொடுக்காமல் தொடங்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் புரட்டாசி மாதமும் நம் வாடிக்கையாளர்களின் தேவையை எப்படி மாற்றிவிடுகின்றன என்பது உங்களுக்கே தெரியும். அவற்றுக்கும் அட்டை எழுதி முன்கூட்டியே பழகிக்கொள்ளலாம்.

ஒத்திகை பார்ப்பது நாடகம் போல இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. என்ன செய்வது?

முதல் சில முறைகள் அப்படித்தான் இருக்கும். வெட்கம் குறைய நான் கண்ட வழி, முழு உரையாடலையும் நடிக்கச் சொல்லாமல் ஒரே ஒரு பரிமாற்றத்தோடு நிறுத்துவது: வாடிக்கையாளர் ஒரு வாக்கியம், விற்பவர் ஒரு பதில், உடனே ஆள் மாறல். முதலாளியே முதலில் விற்பவராக நின்று தடுமாறிக் காட்டினால் மற்றவர்களின் தயக்கம் வேகமாகக் கரையும். வாடிக்கையாளர் வேடம் போடுபவருக்கும் இதில் பெரிய பயன் இருக்கிறது. அழுத்திப் பேசும் விற்பனையாளர் எதிரில் நிற்கும்போது எப்படி இருக்கும் என்பதை அவர் தம் உடலிலேயே உணர்கிறார்.

பயிற்சியாளர் வைக்கும் வசதி எங்களுக்கு இல்லை. எங்களைத் திருத்துவது யார்?

உங்களோடு வேலை செய்பவரே திருத்தலாம், எதைக் கவனிக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டால். “எப்படிப் பேசினேன்?” என்று பொதுவாகக் கேட்டால் “நன்றாக இருந்தது” என்பதுதான் பதிலாக வரும். “நான் எத்தனை முறை குறுக்கே பேசினேன் என்று மட்டும் எண்ணுங்கள் அண்ணா” என்று கேட்டால் ஓர் எண் வரும். அந்த எண்ணை அடுத்த முறை குறைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் போதும். மூன்று குறைகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், கேட்டவர் மூன்றையும் மறந்து மனச்சோர்வை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

ஒத்திகையைக் கைபேசியில் பதிவுசெய்து கேட்பதும் மிகப் பயனுள்ளது. ஆனால் உண்மையான வாடிக்கையாளரைச் சொல்லாமல் பதிவுசெய்து பயிற்சிக்குப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழு அளவில் நடைமுறைப்படுத்தப்படுகிறது. அது இல்லாவிட்டாலும், நம்பிக் கடைக்கு வந்தவருக்குத் தெரியாமல் அவர் குரலை எடுத்து வைப்பது முறையாகாது.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஜூலு பேசுகிறவர்கள். அவர்களுக்கென்று தனியாகப் பழக வேண்டுமா?

கட்டாயம் பழக வேண்டும்; இதைத் தள்ளிப்போடுவது, டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வியாபாரம் செய்பவர்கள் தமக்குத் தாமே வரவழைத்துக்கொள்ளும் பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. வார்விக் சந்திப்பைச் சுற்றியுள்ள சந்தைகளிலும் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டிலும் மசாலா விற்கும் நம் மூத்தவர்களைக் கவனியுங்கள். வாங்க வருபவர் ஒருவராக இருந்தாலும் மரியாதைப் பன்மையில் ‘சனிபோனானி’ என்று வணக்கம் சொல்லி, பதில் வணக்கம் வரும் வரை காத்திருந்து, நலம் விசாரித்த பிறகே வியாபாரத்தைத் தொடங்குவார்கள். வயதில் மூத்த பெண்ணை ‘மா’ அல்லது ‘கோகோ’ என்றும், மூத்த ஆணை ‘பாபா’ என்றும் அழைப்பார்கள். பணத்தையும் பொருளையும் இரு கையாலும், அல்லது இடக்கையால் வலக்கையைத் தாங்கியபடியும் கொடுப்பதும் வாங்குவதும் ஜூலு மக்களிடையே மரியாதையின் அடையாளம். நம் வீடுகளில் பெரியவர்களிடம் நாம் காட்டும் பணிவோடு இது மிக நெருங்கியது. ஆகவே கற்பது கடினமில்லை.

பயிற்சியாக இதைச் செய்யும்போது, கடையில் உங்களோடு வேலை செய்யும் ஜூலு சகோதரரையோ சகோதரியையோ ஆசிரியராக ஏற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் கடையில் உண்மையில் தேவைப்படும் சில வாக்கியங்களை அவர்களிடம் கேட்டு, உச்சரிப்பு சரியாகும் வரை சொல்லிப் பாருங்கள். அதிகார தொனியோடு சுரங்கங்களிலும் சமையலறைகளிலும் பேசப்பட்டு வந்த ஃபனகலோ கலப்பு மொழியைத் தவிர்த்து, நல்ல ஜூலுவைப் பேசுங்கள். முன்னதைக் கேட்கும் பலருக்கு அதனோடு ஒட்டிய பழைய அவமதிப்பு நினைவுக்கு வரும்.

வாட்ஸ்அப்பிலும் தொலைபேசியிலும் விற்பது தனித் திறனா?

ஆம். முகமும் கையும் உதவாத இடத்தில் குரலும் எழுத்தும் மட்டுமே வேலை செய்கின்றன. தொலைபேசிக்குப் பழகும்போது இருவரும் முதுகைத் திருப்பி உட்கார்ந்து பேசிப் பாருங்கள். வாட்ஸ்அப்புக்கு, ஒரே செய்தியைப் பாதி நீளத்தில் திரும்ப எழுதுவதை வழக்கமாக்குங்கள். அறிமுகமில்லாதவருக்கு மின்னணு வழியில் விளம்பரம் அனுப்ப அவருடைய சம்மதம் தேவை என்று மேலே சொன்ன தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கூறுவதால், கடையில் பொருள் வாங்கும்போதே சம்மதம் கேட்கும் வாக்கியத்தையும் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் தேவை? பத்தாயிரம் மணி நேரம் என்கிறார்களே?

அந்த எண் எரிக்சன் ஆய்விலிருந்து கிளம்பியது. அங்கே மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் 20 வயதுக்குள் தனியாகப் பயிற்சி செய்திருந்த நேரத்தின் சராசரி ஏறத்தாழ அந்த அளவில் இருந்தது. அது ஒரு சராசரி. அந்த எல்லையைத் தாண்டியதும் தேர்ச்சி வந்துவிடும் என்று பொருள் கொள்வதை எரிக்சனே மறுத்தார். கடைக்காரருக்கு அந்தக் கணக்கே வேண்டாம்.

கடை திறப்பதற்கு முன் பதினைந்து நிமிடம், வாரத்தில் நான்கு நாட்கள் என்று தொடங்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைத்துச் சொற்பொழிவு ஆற்றுவதைவிட, சிறு சிறு அளவில் இடைவெளி விட்டுச் செய்வது நன்றாகப் பதியும். காம்ரேட்ஸ் மராத்தானுக்குத் தயாராகும் நம் ஊர் ஓட்டக்காரர்களைப் பாருங்கள். 1921இல் தொடங்கி, டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையில் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓடும் அந்தப் பந்தயத்துக்கு யாரும் தினமும் 90 கிலோமீட்டர் ஓடிப் பழகுவதில்லை. மாதக்கணக்கில் சிறு ஓட்டங்களைச் சேர்க்கிறார்கள்; பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் அளவைக் குறைக்கிறார்கள். திசை பொதுவாக ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், ஏற்ற ஓட்டத்துக்கு ஒரு விதமாகவும், தொடைத் தசைகளைப் பதம்பார்க்கும் இறக்க ஓட்டத்துக்கு வேறு விதமாகவும் தயாராகிறார்கள். நீங்களும் டிசம்பர் விற்பனைக்கான கடும் பயிற்சியை ஆகஸ்டிலேயே தொடங்கி, கூட்டம் வரும் வாரங்களில் பயிற்சியைக் குறைத்து ஓய்வுக்கு இடம் கொடுங்கள்.

நன்றாக விற்றுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று எதுவும் நடக்காமல் போனால்?

மட்டையாளர்களுக்கு ஓட்டம் வராத காலம் வருவது போல இதுவும் வரும். அப்போது நல்ல பயிற்சியாளர்கள் ஓட்டக் கணக்கை விட்டுவிட்டுக் கால் நகர்வையும் தலை இருக்கும் இடத்தையும் பார்க்கிறார்கள். நீங்களும் அன்றைய விற்பனைத் தொகையைச் சில நாட்களுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் வரவேற்கிறாரா, இரண்டு கேள்வியாவது கேட்கிறாரா, விலை சொன்னதும் அமைதியாக இருக்கிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள். அவை சரியாக இருந்தால் குறை சந்தையில் இருக்கலாம். சம்பள நாளுக்கு முந்தைய வாரம் யார் நின்றாலும் விற்பனை மந்தமாகத்தான் இருக்கும். வீட்டில் நோயோ துக்கமோ இருக்கிறதா என்பதையும் தனியாக அழைத்து விசாரியுங்கள். முதலில் கேட்கப்பட வேண்டிய இந்தக் கேள்வியைத்தான் பல கடைகளில் யாரும் கேட்பதில்லை.

விளையாட்டில் வெற்றி தோல்வி உண்டு. வாடிக்கையாளரையும் தோற்கடிக்க வேண்டிய எதிரணியாகப் பார்க்க வேண்டுமா?

கூடவே கூடாது. விளையாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது பயிற்சி முறையை மட்டுமே. எதிரணி என்ற எண்ணத்தை மைதானத்திலேயே விட்டுவிட வேண்டும். வாங்கியவர் வீட்டுக்குப் போய் வருந்தினால் அந்த விற்பனை தவறானது என்பதே என் அளவுகோல். சட்டமும் ஓரளவு இதே பக்கம் நிற்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீடு தேடி வந்தோ தொலைபேசியில் அழைத்தோ செய்யப்படும் நேரடி விற்பனையில் வாங்கியவர், ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் அதை ரத்து செய்யலாம். அழுத்தி விற்றவர் கமிஷனைக் கணக்குப் பார்த்து முடிக்கும் முன்பே ரத்துக் கடிதம் வந்து நிற்கும்.

ஆகவே பயிற்சியில் ஓர் அட்டையைக் கட்டாயமாகச் சேர்க்கச் சொல்வேன்: இந்த வாடிக்கையாளருக்கு நம்மிடம் இருக்கும் எதுவும் பொருந்தாது. அந்த அட்டை வந்தால், விற்பவர் அதை மரியாதையோடு சொல்லி, பொருந்தக்கூடிய பொருள் எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டி அனுப்ப வேண்டும். இதைச் சிரித்த முகத்தோடு செய்யக் கற்றவர்களிடம் அடுத்த தேவைக்கு மக்கள் தாமே திரும்பி வருகிறார்கள்.

கடையில் நானும் என் மனைவியும் மட்டும்தான். எங்களால் இதெல்லாம் முடியுமா?

முடியும், ஒருவர் வாங்குபவர், ஒருவர் விற்பவர் என்று இருந்தால் போதும். வீட்டில் பேசுவது போலப் பேசிவிடாமல் இருக்க, வாங்குபவர் கடைக்கு வெளியே போய்க் கதவைத் திறந்து உள்ளே வரட்டும். பக்கத்துக் கடைக்காரரோடு வாரம் ஒரு நாள் ஆள் மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது; உங்கள் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் கேட்கும் கேள்விகள்தான் உண்மையான வாடிக்கையாளரின் கேள்விகளுக்கு மிக அருகில் இருக்கும்.

எதிலிருந்து தொடங்கலாம்?

இந்த வாரம் வாங்காமல் போனவர்கள் கடைசியாகச் சொன்ன வாக்கியங்களை அவர்கள் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். “வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்”, “அடுத்த மாதம் பார்க்கலாம்”, “அங்கே இதைவிட மலிவாகத் தருகிறார்கள்” என்பவை போன்ற வாக்கியங்கள் பெரும்பாலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அவற்றில் அதிகம் வந்த ஒன்றை மட்டும் எடுத்து, திங்கட்கிழமை காலை கடை திறக்கும் முன் அதற்கு மூன்று வெவ்வேறு பதில்களைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் வராது. வாய் பழக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அந்த மூன்றும் தடங்கலின்றி வந்தால், நோட்டில் உள்ள அடுத்த வாக்கியத்துக்குப் போகலாம்.